முப்பதாம் நாளுக்கு விட்ட காலி வரி

எங்கள் தலைநகரின் பெரிய சதுக்கத்தில் ஏழு மாடி வெள்ளைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. கீழ் மூன்று மாடி பாராளுமன்றம். மேல் மூன்று மாடி அதிபர் அலுவலகம். நடுவில் இருக்கிற நாலாவது மாடி யாருடையது என்று கேட்டால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள். வாசல் ஒன்று, லிஃப்ட் ஒன்று, கான்டீன் ஒன்று. அதிபர் அடங்காமல் போனால் சபை அவரை மடக்க வேண்டும், சபை தறிகெட்டுப் போனால் அதிபர் அதை மடக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் எழுதி வைத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே கூரைக்கடியில் குடிவைத்த புத்திசாலி யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். காலையில் சபையில் மேசையைத் தட்டிக்கொண்டவர்கள் மத்தியானம் ஒரே வரிசையில் தட்டோடு நிற்பார்கள்.

இந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை சபையின் தபால் பிரிவு. அங்கே இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் புருல்கான். வயது ஐம்பத்து நாலு. குட்டையான, பருத்த உடம்பு, எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கணவாய்ப் பாதையில் பனிச்சரிவில் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டே சொத்து. ஒன்று மகள் அய்குமுஷ். இன்னொன்று தபால் பதிவேடு.

அந்தப் பதிவேட்டைச் சும்மா சொல்லக் கூடாது. நூல் கோத்து, அரக்கு வைத்து, பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட தடித்த புத்தகம். கணினி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் புத்தகம்தான். ஒரு காகிதம் சபைக்கு எப்போது வந்தது என்றால், புருல்கான் அதில் எழுதி முத்திரை குத்திய நேரத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ஒரு தடவை ஜனங்கள் கொதித்துப் போய்க் கட்டடத்துக்குள் புகுந்து நாற்காலி முதல் ஜன்னல் திரை வரை தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு இவள் பதிவேட்டை மாவு மூட்டைக்குள் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நடந்தவள். என்ன எடுத்தாய் என்று ஒருவன் கேட்டானாம். மாவு என்றாளாம். நல்ல வேலை செய்தாய் என்று வழிவிட்டானாம். பன்னிரண்டு நாள் கழித்துப் புதிய சபாநாயகர் வந்தபோது, அந்தக் கட்டடத்தில் பத்திரமாக மிஞ்சியிருந்த ஒரே அரசுச் சொத்து அதுதான்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் பதிவேட்டை மூடும்போது, அன்றைய கடைசிப் பதிவுக்குக் கீழே இரண்டு வரியைக் காலியாக விடுவாள். விதிப்படி கோடு கிழித்து மூட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவளும் கோடுதான் கிழித்தாள். மறுநாள் காலை ஒரு குழுத் தலைவர் முந்தின நாள் தேதியில் ஏற வேண்டிய காகிதத்தோடு வந்து, கோட்டைப் பார்த்து, எந்த மலையிலிருந்து இறங்கி வந்தாய், மனுஷ பாஷை தெரியாதா என்று கத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் கிழிக்கவில்லை. நேரம் கழித்து வருகிற விருந்தாளிக்கு ஒரு கிண்ணம் சோறு எடுத்து வைக்கிற மாதிரி இரண்டு வரி. மேல்மாடிக்காரனும் அதில் சாப்பிட்டான், கீழ்மாடிக்காரனும் சாப்பிட்டான். அந்த வரிகளில் எத்தனை பொய் ஏறியது என்று அவளுக்கே தெரியாது. எல்லாம் சின்னப் பொய், யார் குடியும் கெடவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனுஷத்தன்மை என்றுதான் அதற்குப் பேர் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் வசந்தத்தில் சபை ஒரு சட்டம் போட்டது. நீதிபதிகளையும் மாகாண ஆளுநர்களையும் அதிபர் இனிமேல் தன்னிஷ்டத்துக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது, சபையின் சம்மதம் வேண்டும். அதிபரின் சண்டிக்குதிரைக்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகை எழுத, கடிவாளச் சட்டம் என்றே அதற்குப் பேர் நிலைத்தது. தொண்ணூறு பேரில் ஐம்பத்திரண்டு பேர் ஆதரித்துக் கையைத் தூக்கினார்கள். தூக்கிய கையை இறக்கும்போதே சில பேருக்குக் கை நடுங்கியது என்று கேள்வி.

சட்டம் ஏழாவது மாடிக்குப் போனது. அங்கே அதிபருக்கு முப்பது நாள் அவகாசம். பிடித்தால் கையெழுத்துப் போட வேண்டும். பிடிக்காவிட்டால் ஆட்சேபம் எழுதி அதற்குள் சபைக்குத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டால் மறுபடி நிறைவேற்ற அறுபது கை வேண்டும், அது நடக்காத காரியம். ஆனால் முப்பது நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாலோ, கையெழுத்துப் போட்டதாகவே அர்த்தம். முப்பத்தோராம் நாள் சபாநாயகரே அதை வெளியிட்டுவிடலாம்.

மேல்மாடியில் இந்த வேலையைப் பார்த்தவர் சட்டப் பிரிவின் துணைத் தலைவர் ஒமுர்சாக். நல்ல உயரம், வெட்டின மீசை, அதிகம் பேசாத மனிதர். புருல்கானுக்கு அவர் சம்பந்தி. அய்குமுஷ் அவருடைய மூத்த மகனைக் கட்டி ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறாள், நாலு வயதில் ஒரு பேத்தி. எங்கள் ஊரில் சம்பந்தி என்றால் சாமிக்கு ஒரு படிதான் கீழே. வழியில் பார்த்தால் நின்று குசலம் விசாரிக்காமல் நகரக் கூடாது. வீட்டுக்கு வந்தால் கறியில் எந்த எலும்பு யாருக்கு என்பதில் தப்பு வரக் கூடாது. அவர் கேட்டு இவள் இல்லை என்றோ, இவள் கேட்டு அவர் இல்லை என்றோ சொல்கிற பேச்சே கிடையாது. ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் எதுவும் கேட்டதில்லை. அதனால் சம்பந்தம் நன்றாகவே போயிற்று.

ஆட்சேபக் கடிதத்தில் அதிபர் செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். ஒமுர்சாக் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மேல்மாடி வழக்கம் அது. ஆட்சேபம் எப்போதுமே கடைசி நாள், கடைசி மணியில்தான் கீழே இறங்கும். முன்னாலேயே கொடுத்தால் சபைக்காரன் ஆள் சேர்ப்பான், பத்திரிகைக்காரனைக் கூப்பிடுவான், எதற்கு அந்தத் தலைவலி? கடைசி நிமிஷம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு அனுப்புவதாக முடிவு.

புதன்கிழமை விடியற்காலையில் ஒமுர்சாக்கின் அக்கா செத்துப் போனாள். தாய் போல அவரை வளர்த்தவள். அடக்கம் வியாழக்கிழமை என்று சொல்லி அனுப்பினார்கள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியது, இரண்டு குதிரை வெட்டினார்கள். துணைத் தலைவர் வீட்டுச் சாவு என்றால் சட்டப் பிரிவில் யார் மிச்சம் இருப்பார்கள்? தட்டச்சுக்காரி முதல் தலைவர் வரை வியாழன் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். போகாவிட்டால் அந்த அவமரியாதை ஏழு தலைமுறைக்குப் பேசப்படும். ஒமுர்சாக் மனதில் அப்போது பெட்டியும் இல்லை, கடிதமும் இல்லை. அக்காவின் முகம்தான் இருந்தது. ஞாபகப்படுத்த வேண்டியவர்கள் எல்லோரும் அவருக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

புருல்கானும் சும்மா இருக்க முடியுமா? சம்பந்தி வீட்டு மூத்தவள். சபைச் செயலகத் தலைவர் ஷெய்ஷென்பெக்கிடம் போய், மூன்று மணிக்குப் பிரிவைப் பூட்டிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். அவர் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். வழக்கம்போல இரண்டு வரி விட்டுப் பதிவேட்டை மூடினாள், பூட்டினாள், தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்தாள். சம்பந்தி வீட்டுத் தெருமுனையிலேயே குரலெடுத்து அழத் தொடங்கி, கூடாரத்துக்குள் போய், மற்றப் பெண்களோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். நிஜமாகவே அழுதாள். அந்த மனுஷி அய்குமுஷைத் தங்கமாக வைத்திருந்தவள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தபால் பிரிவின் கதவு தட்டாமலே திறந்தது. ஒமுர்சாக். ஏழாவது மாடிக்காரர் தானே இறங்கி இரண்டாவது மாடிக்கு வந்து புருல்கான் பார்த்ததில்லை. முகத்தில் ஈயாடவில்லை. கையில் உறை.

"சம்பந்தி, கதவ சாத்துங்க" என்றார்.

சாத்தினாள். அவர் உறையை மேசையில் வைத்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

"நேத்து சாயந்திரம் அஞ்சே முக்காலுக்கு வந்ததா போட்டுடுங்க. எடம்தான் விட்டிருப்பீங்களே."

"அஞ்சே முக்காலுக்கு நான் உங்க வீட்டு கூடாரத்துல உக்காந்து அழுதுட்டிருந்தேன், சம்பந்தி. நீங்க வாசல்ல நின்னு வர்றவங்க கைய புடிச்சிட்டிருந்தீங்க."

"எனக்கு தெரியும். உங்களுக்கு தெரியும்."

"முந்நூறு பேருக்கு தெரியும்."

"முந்நூறு பேரும் துக்கத்துக்கு வந்தவங்க. யாரும் கடிகாரம் பாக்க வரல."

ஒமுர்சாக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த உயரமான மனிதர் உட்கார்ந்த மாதிரியைப் பார்க்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இது கைதவறிப் போனால் மறந்துவிட்டார் என்று மேலே யாரும் நம்பமாட்டார்கள், சபைக்காரனிடம் விலைபோய்விட்டார் என்றுதான் சொல்வார்கள், வேலை போவதோடு நிற்காது, வழக்குப் போட்டு உள்ளே தள்ளுவார்கள் என்று மெதுவாகச் சொன்னார். வீடும் அரசாங்க வீடு, அதுவும் போகும்.

"உங்க பொண்ணும் பேத்தியும் இருக்கிற வீடு" என்றார் கடைசியில். மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மிரட்டியிருந்தால் அவள் பாட்டுக்கு இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள்.

திங்கட்கிழமை வரை யோசிக்க வேண்டும் என்றாள். ஆறு வருஷத்தில் சம்பந்தி முதல் தடவையாகக் கேட்டதற்கே அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

உறையை அவளிடமே விட்டுவிட்டு அவர் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஷெய்ஷென்பெக் வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், பளபளக்கிற ஷூ, எப்போதும் சிரித்த முகம். வழியில் வாங்கிய சூடான ரொட்டியை அவள் மேசையில் வைத்தார். அந்த மனிதர் எதையும் சும்மா வைக்கமாட்டார்.

"அக்கா, நேத்து ஆறு மணி வரைக்கும் நீங்க இந்த எடத்தவிட்டு எழுந்திரிக்கல. மேலேருந்து ஒண்ணும் வரல. இத ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு குடுத்துடுங்க. அந்த காலி வரியயும் அடிச்சிடுங்க."

"மூணு மணிக்கே கிளம்பிட்டேனே தம்பி. உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே போனேன்."

"கேட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். "எனக்கு ஞாபகமில்லையே."

புருல்கான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிரிவைப் பூட்டியிருந்தது வெளியே தெரிந்தால் மேல்மாடிக்காரன் அதையே பிடித்துக்கொள்வான், சட்டம் தப்பாது, அதனால் அவள் இருந்தே ஆக வேண்டும் என்றார் அவர். பிறகு ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து மென்றுகொண்டே சொன்னார்.

"இருபத்தாறு வருஷத்து பதிவேடும் கிடங்குல பத்திரமா இருக்கு. யாராவது வேலையத்தவன் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி ரெண்டு வரில மை மாறியிருக்கான்னு பாத்தான்னு வைங்க. உங்களுக்கு எதுக்குக்கா அந்த தொல்லை? அடுத்த வருஷம் பென்ஷன். நீங்க இருக்கிற குவார்ட்டர்ஸும் உங்க பேர்லயே எழுதறதா பேச்சிருக்கு."

அந்தக் கடைசி இரண்டு வரிகளில் பாதி இவருடைய காகிதம். எந்த மாதம், என்ன காகிதம் என்று அவளால் ஒப்பிக்க முடியும். ஆனால் கையெழுத்து அவளுடையது, மை அவளுடையது. அதைத்தான் அவர் ரொட்டியோடு சேர்த்து மென்றார். எடுத்த எடுப்பில் அவளுக்கு வந்தது பயமில்லை, வெட்கம். இத்தனை வருஷமாக விருந்தாளிக்குச் சோறு என்று நினைத்துக்கொண்டு தன் கழுத்துக்குத்தான் கயிறு திரித்திருக்கிறோம் என்று புரிந்தது.

மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. பதிவேட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே மேல்மாடி ஒரு காவலனையும் கீழ்மாடி ஒரு காவலனையும் எதிரெதிரே உட்கார வைத்தன. இரண்டு பேரும் சனி ஞாயிறு முழுவதும் ஒரே பொட்டலத்திலிருந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஆளுக்கு ஒரு காவல் போட்டு, ஒரு கிழவியின் பேனாவைக் காத்தார்கள். அதிகாரத்துக்கு அதிகாரம் தடை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இதுதான் போலிருக்கிறது.

சனிக்கிழமை அய்குமுஷ் வந்தாள், பேத்தியைக் கூட்டி வரவில்லை. துக்க வீட்டு வேலையில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அம்மா வைத்த டீயைக் குடித்தாள், மாவுப் பலகாரம் ஒன்றைக் கையில் எடுத்து அப்படியே வைத்திருந்தாள். மாமனார் இரண்டு நாளாக யாருடனும் பேசவில்லை. மாமியாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு டீ ஊற்றும் வேலையை அய்குமுஷிடமிருந்து வாங்கி இளைய மருமகளிடம் கொடுத்துவிட்டாள். நேற்று இவள் ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தை மாமியார் வாங்கவே இல்லையாம். மேசையில் வை என்றாளாம்.

"எனக்காக கேக்கலம்மா" என்றாள் மகள். "ஒரு வரிதானே. எத்தனையோ பேருக்கு எழுதினீங்களே."

புருல்கானுக்கு அது சுருக்கென்று தைத்தது. பெற்ற மகளுக்கும் தெரிந்திருக்கிறது. யாருக்கோ எழுதியதை மகளுக்கு எழுதாமல் இருக்க என்ன நியாயம் சொல்வது? எழுதினால் ஜெயில் என்று சொல்லலாம். ஆனால் எழுதாவிட்டால் அந்த வீட்டுக்கும் ஜெயில்தான். மகளின் தலையைத் தடவிக்கொடுத்து, போய்த் தூங்கு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் வீட்டுக்குள் நடந்தாள். குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் பதினோரு அடி. மேல்மாடி சொன்னபடி எழுதினால் தன் கையாலேயே அந்தக் குதிரையின் கடிவாளத்தை அவிழ்த்துவிட்ட மாதிரி. கீழ்மாடி சொன்னபடி எழுதினால் சம்பந்தி ஜெயிலுக்கு, மகள் தெருவுக்கு. எழுதாமலே இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து மிதிக்கும். ஊருக்கு ஓடிவிடலாமா என்று கூட யோசித்தாள். ஊரில் யார் இருக்கிறார்கள்? சாயங்காலம் ஆக ஆக அவளுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம், வந்தால் நிதானமாக வரும். சட்டம் நல்லது என்கிறவனுக்கும் பொய்தான் வேண்டும், கெட்டது என்கிறவனுக்கும் பொய்தான் வேண்டும். வியாழக்கிழமை என்ன நடந்தது என்று அவளை ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்கவில்லை. மாவு மூட்டையில் சுமந்து காப்பாற்றியது இதற்குத்தானா?

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இரண்டு காவலர்களுக்கும் நடுவே புகுந்து கதவைத் திறந்தாள். பதிவேட்டை எடுத்தாள். வியாழக்கிழமைப் பக்கத்தில், முதல் காலி வரியில், நெருக்கி நெருக்கி எழுதினாள்: "இன்று மூன்று மணிக்குப் பிரிவைப் பூட்டிவிட்டுச் சம்பந்தி வீட்டு அடக்கத்துக்குப் போனேன். அதுவரை மேலிருந்து எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் இங்கே இல்லை. இதை எழுதியது திங்கள் காலை எட்டேகால்." கீழே கையெழுத்து. இரண்டாவது வரியில் அளவுகோலை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு கிழித்தாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் உறையை ஏற்றி, எட்டு முப்பத்தைந்து என்று நேரம் போட்டாள். எல்லாம் முடிய ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது. ஜெயிலோ தெருவோ, நடந்தது நடந்தபடி இருக்கிறது என்று நினைத்தாள்.

ஒன்பதரைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் நாலாவது மாடியில் கூடினார்கள். பதிவேட்டை விரித்து வைத்தாள். ஷெய்ஷென்பெக் படித்தார், சிரிப்பு அப்படியே உறைந்தது.

"தலையில கல்ல போட்டுட்டீங்களே அக்கா" என்றார்.

ஒமுர்சாக் அடுத்துப் படித்தார். நிறம் வெளுத்துவிட்டது. அவள் கண்ணைப் பார்க்கவில்லை. உறையை எடுத்துக்கொண்டு எழுந்துபோகப் போகிறார் என்று புருல்கான் நினைத்தாள். ஆனால் அவர் குனிந்து இன்னொரு தடவை படித்தார். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். 'நான் இங்கே இல்லை' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு நிமிர்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு, மேல்மாடித் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. புருல்கானுக்கு ஒன்றும் புரியவில்லை.

புரிந்தது அரசியல் சாசன நீதிமன்றத்தில்தான். ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டிய கதவைச் சபை மூன்று மணிக்கே பூட்டிவிட்டது என்று மேல்மாடி வக்கீல் எழுந்து சொன்னார். யார் சொல்கிறார்கள்? சபையின் சொந்த ஊழியரே, சொந்தக் கைப்பட. வாசலில் வந்து தட்டிய அதிபர் மேல் என்ன தப்பு? ஐந்தே முக்காலுக்கு வந்து மூன்று தடவை தட்டினேன் என்று மேல்மாடித் தபால்காரன் ஒருவன் சத்தியம் பண்ணினான். தட்டியதாகச் சொன்ன நேரத்தில் அவன் சாவு வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து கறி தின்றுகொண்டிருந்ததை அவளே பார்த்தவள். அவள் எழுந்தாள். கேட்டபோது மட்டும் பேசும்படி நீதிபதி சொன்னார். பதிவேட்டில் எழுதியது உங்கள் கைதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஆறு மணி வரை இருந்தீர்களா என்றார். இல்லை என்றாள். அவ்வளவுதான், உட்காரலாம் என்றார்.

கதவு பூட்டியிருந்த மூன்று மணி நேரத்துக்காக அவகாசம் மறுநாள் காலை வரை நீளும், ஆட்சேபம் உரிய காலத்தில் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. சட்டம் சபைக்குத் திரும்பியது. அறுபது கை வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு எழுந்தன. போன தடவை நடுங்கிய கைகள் இந்தத் தடவை மேசைக்கு அடியிலேயே இருந்துவிட்டன. கடிவாளச் சட்டம் அன்றைக்கே செத்தது. அதற்கு ஒப்பாரி வைக்க யாரும் வரவில்லை.

புருல்கானை ஒருவரும் திட்டவில்லை. அதுதான் கொடுமை. கான்டீனில் அவள் தட்டை வைத்த மேசையிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். இருபது வருஷம் சேர்ந்து சாப்பிட்ட சுருக்கெழுத்துக்காரி ஒருத்தி மட்டும் போகிற போக்கில், "சம்பந்திய காப்பாத்த நல்லா யோசிச்சே எழுதியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஷெய்ஷென்பெக் பழைய பதிவேடுகளைத் தோண்டவில்லை, தோண்டினால் அவரும் சேர்ந்து வெளியே வருவார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் மட்டும் அனுப்பினார். அதை அவளே பதிவேட்டில் ஏற்றி அவளே வாங்கிக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் சடங்குக்குச் சம்பந்தி வீட்டில் பெரிய கூட்டம். புருல்கானைக் கதவுப் பக்கம் உட்கார விடவில்லை. கைப்பிடித்துக் கூட்டிப்போய் வாசலுக்கு நேர் எதிரே, பெரிய மரியாதைக்காரர்களுக்கான நடு இடத்தில் உட்கார வைத்தார்கள். மூத்த பெண்களுக்கு வைக்கிற வால்பக்கத்துக் கறியை முழுசாக அவள் முன்னால் வைத்தார்கள். மேல்மாடித் தலைவர்கூட வந்திருந்தார். ஒமுர்சாக் எழுந்து நின்று, பொன்னூல் வேலை செய்த வெல்வெட் சப்பான் அங்கியைத் தன் கையால் அவள் தோளில் போர்த்தினார். எனக்குச் சம்பந்தி கிடைக்கவில்லை, கோட்டை கிடைத்தது என்று பேசினார். நாலு வாக்கியத்தில் ஒரு சட்டத்தையே கவிழ்த்த மூளை என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். பேத்தி அவள் மடியில் உட்கார்ந்து சப்பானின் பொன்னூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். திறந்த வாயில் ஒரு துண்டுக் கறியை வைத்து மூடிக்கொண்டாள்.

"திங்கக்கெழமை ஏழாவது மாடிக்கு வந்துடுங்க சம்பந்தி" என்றார் ஒமுர்சாக், பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில். "எங்க தபால் பிரிவு காலியா இருக்கு. வீடும் பாத்தாச்சு, எங்க தெருவுலயே. ஒண்ணே ஒண்ணு. அந்த ரெண்டு வரி விடற பழக்கத்த மட்டும் விட்டுடாதீங்க."

அந்த வெக்கையில் சப்பான் அவளை வேகவைத்தது. கழற்ற முடியாது, போர்த்திய கை பக்கத்திலேயே இருக்கிறது. டீ எடுக்கிற சாக்கில் எழுந்து முற்றத்தில் டீக்குத் தண்ணீர் கொதிக்கிற சமோவாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அய்குமுஷ் அங்கே கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது. அவள் ஊற்றிய முதல் கிண்ணத்தை மாமியார் இரண்டு கையாலும் வாங்கியதைப் புருல்கான் சற்று முன்னால்தான் பார்த்தாள்.

"அம்மா" என்றாள் மகள், தலை நிமிராமல். "மூணு மணிக்கு பூட்டிட்டேன்னு எழுதினா மாமா தப்பிச்சிடுவாருன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்தானே? எனக்காகத்தானே அப்படி எழுதினீங்க?"

கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைப் புருல்கான் பார்த்ததில்லை. தெரியாது, நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான் என்று சொல்ல அவள் நாக்கு நுனி வரை வந்தது. நாடே நம்பாததை இவள் ஒருத்தி நம்புவாள். நம்பினால், அம்மா தன்னைத் தெருவில் விடத் துணிந்துதான் எழுதினாள் என்பதையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கும்.

"ஆமா" என்றாள் புருல்கான். "ஒனக்காகத்தான்."

அய்குமுஷ் அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். புருல்கான் சமோவாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து வந்த சம்பந்தியம்மா, நழுவிக் கிடந்த சப்பானை இழுத்து அவள் தோளில் சரியாகப் போர்த்தி, முன்னால் முடிச்சையும் போட்டுவிட்டாள்.